கபடி ஆடி முடித்தவர் கோச் ஆவது எப்படி? ராமநாதபுரம் கடற்கரை ஆட்களுக்கு

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊர்த் திருவிழா என்றாலும் ராத்திரி லைட் கட்டி ஒரு கபடிப் போட்டி இருக்கும். அதில் பல வருஷம் பெயர் வாங்கிவிட்டு, இப்போது முட்டி ஒத்துழைக்காமல் கோட்டுக்கு வெளியே சேரில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும் ஆட்களுக்குத்தான் இது. பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அதானே?

முடிந்தால் ஆடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள். 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணி ஒரே வருஷத்தில் இரண்டு புரோ கபடி லீக் கோப்பை வாங்கியது. முதல் கோப்பைக்கு கேப்டன் மன்பிரீத் சிங், அடுத்ததற்கு நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன். நாற்பது வயதைத் தாண்டியும் சேரலாதன் கார்னரில், அதாவது ஓரத்தில் நின்று, பக்கத்தில் உள்ளே நிற்கும் கவர் பசங்களை ‘முன்னே வா, பின்னே போ’ என்று நகர்த்திக்கொண்டே ஆடுவார், அதாவது பாதி கோச் வேலையை மேட் (ஆடுகள விரிப்பு) மேலேயே பார்த்துவிட்டார். பிறகு புரோ கபடியின் தமிழ் தலைவாஸ் அணிப் பயிற்சிக் குழுவுக்கு வந்தார். மன்பிரீத் 2017-இல் குஜராத் அணிக்குக் கோச் ஆகி முதல் சீசனிலேயே இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார், தோற்றார், அடுத்த சீசனும் அதே கதை. கோச்சாக அவர் கையில் கோப்பை வந்தது 2024-இல், ஹரியானா ஸ்டீலர்ஸோடு. ஆட்டக்காரராக எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இந்த வேலையில் காத்திருக்கத்தான் வேண்டும்.

அடுத்த விஷயம்தான் நிறைய பேருக்கு இடிக்கிறது. உங்கள் உடம்புக்குத் தெரிந்தது உங்கள் வாய்க்குத் தெரியாது. நல்ல ரெய்டரிடம், அதாவது பாடிப் போகிறவரிடம் போய் ‘போனஸ் எப்படிண்ணே எடுக்கிறீங்க’ என்று கேட்டால் ‘அது தானா வரும்டா’ என்பார், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பதினாலு வயசுப் பையன் என்ன செய்வான்? அதனால் உங்களுக்கு நன்றாக வரும் ஒரே ஒரு வித்தையை எடுத்து, எந்தக் கால் முதலில், எடை எதில், கண் யார் மேல், கை எப்போது என்று நோட்டில் எழுதுங்கள். கணுக்காலைப் பிடிக்கும் ஆங்கிள் ஹோல்டையே எடுத்துக்கொண்டால், ரெய்டர் காலை நீட்டிய பிறகு பாய்ந்தால் லேட். அவன் நிற்கும் காலில் எடை இறங்கும் நேரம்தான் பிடிக்கிற நேரம், கணுக்காலை இரண்டு கையாலும் கட்டி நெஞ்சோடு இழுத்து இடுப்பைக் கீழே போட வேண்டும், தலை அவன் முட்டிக்கு நேராகப் போகக் கூடாது. இதை எழுதும்போதே உங்களுக்குப் பாதி சந்தேகம் வரும். அது நல்லது.

நமக்கு ஒரு வசதி உண்டு, வெளியூர்க்காரனுக்குக் கிடைக்காதது. சாயங்காலம் அலை நனைத்துவிட்டுப் போன மணலில் கோடு போட்டு ஒரு பையனை ரெய்டு ஓடவிட்டு, அவன் திரும்பி வந்ததும் எல்லோரையும் நிற்கச் சொல்லிவிட்டுத் தடத்தைப் பாருங்கள். குதிகால் ஆழமாக இறங்கியிருந்தால் எடையைப் பின்னால் வைத்திருக்கிறான், யாராவது டேஷ் அடித்தால், அதாவது மோதித் தள்ளினால், அப்படியே போய்விடுவான். முன்பாதம் மட்டும் அழுந்தி, தடத்துக்குத் தடம் இடைவெளி சின்னதாக இருந்தால் சரியாக நகர்கிறான். ஆண்கள் ஆடுகளத்தில், ரெய்டர் தாண்டியே ஆக வேண்டிய பாக் லைன் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர், கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு அதற்கு 1 மீட்டர் தாண்டி. அளந்தே போடுங்கள், குத்துமதிப்பாகப் போட்டுப் பழகினால் நிஜ மேட்டில் கால் கணக்குத் தப்பும்.

ஆனால் மணலிலேயே வளர்த்துவிட்டு மாவட்டப் போட்டியன்று முதல் தடவையாக மேட்டில் இறக்கிவிடாதீர்கள். மணல் காலுக்குக் கீழே நழுவும், அதனால் கணுக்கால் பலப்படும், திரும்புவது மெதுவாகும். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்ளும், பாதம் நிற்க உடம்பு மட்டும் திரும்பும், முட்டி போய்விடும். நம்ம பக்கத்துப் பசங்களின் முட்டிக் காயத்துக்குப் பாதி காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்திலோ மேட் வைத்திருக்கும் பள்ளியிலோ கேட்டு, போட்டிக்குச் சில வாரம் முன்னாலிருந்தே ஷூவோடு பழக்கிவிடுங்கள்.

நேரத்தைக் கடலைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். கடலுக்குப் போய்வந்த பையனைச் சாயங்காலம் டேக்கிள் (ரெய்டரைப் பிடிக்கும்) பயிற்சியில் போட்டுப் புரட்டினால் அவன் மறுநாள் வரமாட்டான். அன்றைக்கு ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்துப் பேசும் வேலையை மட்டும் கொடுங்கள். படகு முதலாளியான சம்மாட்டியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், ‘அண்ணே, போட்டி அன்னைக்கு மட்டும் தம்பிய விட்டுருங்க’ என்று முதல் நாள் ராத்திரி போய் நின்றால் வேலைக்காகாது. விசைப்படகுப் பசங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வருஷத்தின் பெரிய முகாமை அந்த 61 நாளுக்குள் வையுங்கள். வெயில் கொடுமைதான், விடியக்காலையும் இருட்டினதுக்கு அப்புறமும் வையுங்கள், குடிக்க நீச்சத்தண்ணி உப்புப் போட்டு, பதநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. எடைப் பிரிவுக்காகப் பட்டினி போடும் பழக்கம் சில இடத்தில் இருக்கிறது, வளர்கிற பிள்ளைகளிடம் அதைச் செய்யவே செய்யாதீர்கள். பிறந்த சான்றிதழில் கைவைப்பதும் அப்படித்தான்.

பொம்பளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் முதலில் அம்மாக்களிடம் பேசுங்கள், கூட ஒரு அக்காவாவது மைதானத்தில் இருக்கட்டும். 2018 ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணியை இறுதியில் வீழ்த்திய ஈரான் அணிக்குக் கோச் யார் தெரியுமா? நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின். நம்ம ஊர் அக்காக்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, காகிதம். பெயர் மட்டும் இருந்தால் ஊருக்குள் மதிப்பு, சம்பளத்துக்குச் சான்றிதழ் வேண்டும். பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம், நாம் என்ஐஎஸ் என்று சொல்வது, அங்கே ஒரு வருஷ டிப்ளமோவும் ஆறு வார சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. டிப்ளமோவுக்குப் படிப்பும் ஆடிய சாதனையும் பார்ப்பார்கள், அதனால் மாவட்டம், மாநிலம் ஆடிய சான்றிதழை எல்லாம் இப்போதே தேடி எடுத்து லேமினேஷன் போடாமல் ஃபைலில் வையுங்கள், ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துப் போனால் யாரும் திரும்பத் தரமாட்டார்கள். பள்ளி வேலைதான் வேண்டுமென்றால் பிபிஎட் (உடற்கல்விப் பட்டம்) முடிக்க வேண்டும். நடுவர் தேர்வு ஒன்றும் எழுதிவிடுங்கள். விதி தெரியாமல் நடுவரோடு சண்டை போடும் கோச்சால் அணிக்குத்தான் நஷ்டம். தேசிய அளவில் ஆடியவர் என்றால் கேலோ இந்தியா மையங்களில் பழைய வீரர்களைக் கோச்சாக வைக்கும் திட்டத்தையும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

திருவிழாப் போட்டிப் பணத்தை நம்பிக் குடும்பம் ஓட்ட முடியாது. ஜெயித்தால் பரிசுப் பணத்தில் உங்களுக்கு எவ்வளவு என்று போட்டிக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், பின்னால் பேசினால் மாமன் மச்சான் உறவு கெடும்.

கடைசியாக, டைம் அவுட். முப்பது வினாடிதான். நாலு விஷயம் சொன்னால் ஒன்றும் ஏறாது, ‘இடது கார்னர் லைனை விட்டு வெளியே வராதே’ மாதிரி ஒரே ஒன்றைச் சொல்லி, தண்ணீரைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.