மருத்துவ முகாமுக்கு இடம் பார்க்கப் போகும்போது

கடலூர் பக்கம் சின்ன மருத்துவ அறக்கட்டளை ஒன்றில் வேலை பார்க்கிறேன். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டோம், வாசலில் மூன்று படி. மூன்று சக்கர வண்டியில் வந்த அக்காவுக்கு ரோட்டோர வேப்பமரத்தடியில், போகிறவர் வருகிறவர் பார்க்க, பி.பி. பார்த்தோம். காது கேட்காத தம்பி ஒருவர், பெயரைக் கூப்பிட்டது தெரியாமல் மதியம் வரை உட்கார்ந்திருந்தார்.

திட்டம் போட்ட அறையில் மாற்றுத்திறனாளி ஒருவர்கூட இல்லை. அங்கிருந்துதான் சரிசெய்யணும். இடம் முடிவாவதற்கு முன்பே உள்ளூரில் இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுங்கள், எல்லாம் முடிந்தபின் "பார்த்துச் சொல்லுங்க" என்றால் அவர்கள் என்ன சொல்ல முடியும்? ஆட்டோ காசும் அன்றைய கூலியும் கொடுங்கள் (டாக்டருக்கு மட்டும் கார் அனுப்புகிறோமே). அழைப்பை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாமல் டைப் செய்து அனுப்புங்கள், பார்வையில்லாதவரின் போன் அதைத்தான் ஒழுங்காக வாசித்துக் காட்டும்.

சாய்தளத்துக்குக் கணக்கு 1:12. அதாவது எங்கள் மண்டபத்தின் ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம் வேண்டும், பலகையைச் சாய்த்துவைத்து நாலு பேர் தள்ளிவிடுவது சாய்தளம் இல்லை. பேசாமல் படியே இல்லாத பள்ளிக்கூடமாகப் பாருங்கள். டோக்கன் நம்பரைக் கூப்பிடவும் வேண்டும், சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டவும் வேண்டும். கூட வந்தவரிடம் "இவருக்கு என்ன செய்யுது" என்று கேட்காதீர்கள், நோயாளியிடமே கேளுங்கள்.

அப்புறம் வேலைக்கு ஆள் எடுப்பது. களப்பணியாளர் விளம்பரத்தில் "டூ வீலர் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்" என்று பழக்கதோஷத்தில் போட்டுவிடுகிறோம், அந்த ஒரு வரியிலேயே பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். "ஊர்களுக்குப் போய்வர வேண்டும்" என்றால் போதும், பஸ்ஸில் போகிறாரா பின்சீட்டில் போகிறாரா என்பது அவர் பாடு. "எங்க ஆபீஸ்ல அப்படி யாரும் இல்லையே" என்பவர்களுக்கு: மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, 2016 சட்டத்தில் 21. ஹீமோபிலியா, தலசீமியா போன்ற ரத்தக் கோளாறுகள் எல்லாம் அதில் உண்டு, பார்த்தால் தெரியாது. அதனால் வேலைக்குச் சேர்கிற எல்லோரிடமும் என்ன வசதி வேண்டும் என்று தனியாகக் கேட்டுவிடுங்கள்.

அந்த அக்காதான் இப்போது எங்களுக்கு இடம் பார்க்க வருகிறார். வண்டியை நிறுத்தியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கக்கூஸ் சாவி யாருகிட்ட இருக்கு?"