லினக்ஸ் கெர்னலின் வழுநீக்க அமைவுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலை மூலநிரலிலிருந்து தாமே தொகுப்பவர்கள், அதன் தேர்வுப் பட்டியலான மெனுகான்ஃபிக்கில் ‘கெர்னல் ஹேக்கிங்’ பிரிவைத் திறந்து, வழுநீக்கத்துக்கான (நிரற்பிழையைத் தேடித் திருத்துவதற்கான) தேர்வுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, நெடுநேரம் காத்திருந்து தொகுத்து, புதிய கெர்னலில் கணினியைத் துவக்கிய பின்னும் தேடிய வழு பிடிபடாமல் போவதுண்டு. பல வேளைகளில் அந்தக் கருவி ஓடவே இல்லை என்பதுதான் காரணம். தொகுப்பில் ஒரு வசதியைச் சேர்ப்பது வேறு, ஓடும் கெர்னலில் அது வேலை செய்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதே இத்துறையில் மிக அதிக நேரத்தை விழுங்கும் தவறு என்பது என் கருத்து.

கெர்னலுக்குள் சிறு நினைவகத் துண்டுகளைப் பங்கிட்டுத் தரும் ஸ்லப் ஒதுக்கியின் சோதனைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கான நிரல் பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களின் (ஃபெடோரா போன்ற ஆயத்தத் தொகுப்புகளின்) கெர்னல்களில் ஏற்கெனவே இருக்கிறது; ஆனால் துவக்க வரியில் (துவங்கும்போது கெர்னலுக்குத் தரும் அளவுருக்களின் வரியில்) ‘ஸ்லப்_டீபக்=எஃப்இசட்பி’ என்று கொடுக்கும் வரை அது உறங்கியே கிடக்கும். இதில் ‘எஃப்’ ஒத்திசைவுச் சோதனைகளையும், ‘இசட்’ ஒவ்வொரு பொருளையும் சுற்றிய காவல் எல்லையையும், ‘பி’ நினைவகத்தை அடையாளப் பைட்டுகளால் நிரப்புவதையும் குறிக்கும். ‘பி’ இயங்கினால், விடுவிக்கப்பட்ட நினைவகம் பதினாறடிமான எண்ணில் 6பி என்ற பைட்டால் நிரப்பப்படும். பிறகு ஒருநாள் கெர்னல் விழும்போது, செயலியின் பதிவேடு ஒன்றில் 6பி6பி6பி6பி என்று தொடர்ந்து வந்திருந்தால், விடுவித்த நினைவகத்திலிருந்து படித்த மதிப்பை யாரோ சுட்டியாக (நினைவக முகவரியாக) பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது அறிக்கையின் மற்ற வரிகளைப் படிக்கும் முன்பே ஏறக்குறைய உறுதியாகிவிடும். நினைவகப் பக்கத்தை ஒதுக்கியது யார் என்று பதியும் பேஜ் ஓனர், விடுவித்த பக்கத்தை அணுகுவதைப் பிடிக்கும் டீபக் பேஜ்அலாக் ஆகியவையும் இப்படித்தான்: தொகுப்பில் சேர்த்தால் மட்டும் போதாது, துவக்க வரியில் இரண்டுக்கும் தனித்தனியே ‘ஆன்’ கொடுக்க வேண்டும். பின்னதை இயல்பாகவே இயங்கச் செய்யவும் தனித் தேர்வு ஒன்று உண்டு.

அடுத்த தவறு, தேர்வுகள் பதிவாகும் டாட்-கான்ஃபிக் கோப்பைக் கையால் திருத்திவிட்டு அதையே நம்பியிருப்பது. ஒரு தேர்வு வேறொன்றைச் சார்ந்திருந்து, அந்தச் சார்பு நிறைவேறவில்லை என்றால், கோப்பைச் சீர்செய்யும் ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ கட்டளை நீங்கள் எழுதிய வரியை எந்தப் பிழைச் செய்தியும் இன்றி நீக்கிவிடும். கெர்னலுடன் வரும் ‘ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக்’ நிரலும் சார்புகளைச் சரிபார்ப்பதில்லை. சொன்னதை எழுதிவைப்பதோடு அதன் வேலை முடிகிறது. இதில் பலரும் இடறி விழுந்த இடம் 5.18ஆம் பதிப்பு. அதுவரை ஆம்-இல்லை என்றிருந்த, வழுநீக்கத் தகவலைச் சேர்க்கும் ‘டீபக் இன்ஃபோ’ தேர்வு, அந்தப் பதிப்பில் பல வாய்ப்புகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக மாறியது. பழைய கோப்பை அப்படியே கொண்டுவந்தவர்களுக்கு அது ‘வேண்டாம்’ என்ற நிலைக்குச் சென்றுவிட்டது. பின்னர் ஜிடிபி என்ற வழுநீக்கி, குறியீட்டுத் தகவல் இல்லை என்று சொன்னபோதுதான் பலர் அதைக் கவனித்தார்கள். ஆகவே, கோப்பைச் சீர்செய்த பின் மீண்டும் ஒருமுறை திறந்து, வேண்டிய வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓடும் கெர்னலிலும் சரிபார்ப்பது இன்னும் நல்லது. அதற்கான தேர்வு தொகுப்பில் இருந்தால், ஓடும் கெர்னலின் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவில் உள்ள ‘கான்ஃபிக்.ஜிஇசட்’ கோப்பே அதைக் காட்டிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே கெர்னலில் இயக்கிவிடலாம் என்ற ஆசையும் வேண்டாம். 2015இல் வெளியான 4.0ஆம் பதிப்பில் சேர்ந்த காஸான் என்ற நினைவகப் பிழை கண்டறியும் கருவி, எல்லை மீறிய அணுகலையும் விடுவித்தபின் பயன்படுத்துவதையும் பிடிப்பதில் ஈடற்றது. ஆனால் அதன் பொதுவகை, மொத்த நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் எந்தப் பைட்டை அணுகலாம் என்று குறித்துவைக்கும் தன் நிழல் நினைவகத்துக்கு எடுத்துக்கொள்கிறது. வேகமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையலாம். இந்த மந்தத்தால் இரண்டு இழைகள் மோதும் நொடிப்பொழுதே மாறி, நீங்கள் துரத்தும் போட்டிநிலை வழு (இழைகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொடுவதால் வரும் பிழை) தோன்றாமலே போய்விடலாம். அத்தகைய வழுக்களுக்கு உரிய கேசிஸான் என்ற கருவியைக் காஸானுடன் ஒரே கெர்னலில் தொகுக்கவும் முடியாது. எனவே நினைவகப் பிழைக்கு ஒரு கெர்னல், போட்டிநிலைக்கு இன்னொரு கெர்னல் என்று தனித்தனியாகத் தொகுப்பதே முறை. ஃபெடோரா வழங்கல், கனமான சோதனைகளை வழக்கமான கெர்னலில் சேர்க்காமல், ‘கெர்னல்-டீபக்’ என்று தனித் தொகுதியாகவே தருகிறது. மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வழங்கிகளில் கண்காணிப்பு தேவை என்றால், 5.12ஆம் பதிப்பில் வந்த கேஃபென்ஸ் என்ற இலகுவான நினைவகப் பிழை கண்டறி பொருத்தமானது. அது எல்லா ஒதுக்கீடுகளையும் சோதிக்காமல், இயல்பாக 100 மில்லிநொடிக்கு ஒன்று என்ற அளவில் மாதிரி எடுப்பதால் சுமை மிகக் குறைவு. ஒரே நாளில் பிழையைப் பிடித்துத் தராது. பல கணினிகளில் நீண்ட காலம் ஓடும்போதுதான் அதன் பயன் தெரியும்.

அதிகம் பேசப்படாத தவறு ஒன்று உண்டு: ஓர் அறிக்கை வந்தபின் நிலவும் அமைதியை நலம் என்று எடுத்துக்கொள்வது. காஸான் இயல்பாக முதல் பிழையை மட்டுமே அறிவிக்கும். தொடர்ந்து அறிவிக்க ‘காஸான்_மல்ட்டி_ஷாட்’ என்ற துவக்க அளவுரு வேண்டும். பூட்டுகளின் வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப், முதல் எச்சரிக்கையைத் தந்தவுடன் தன்னை அணைத்துக்கொள்கிறது. தனியுரிமை நிரற்கூறு (மூடிய உரிமத்தில் வரும் மாட்யூல்) ஒன்றை ஏற்றினாலும் அது அணைந்துவிடும். துவக்கத்திலேயே ஏதோ ஓர் இயக்கியின் சிறு பூட்டுப் பிழை அறிவிக்கப்பட்டிருந்தால், அதன்பின் நீங்கள் நாள் முழுவதும் ஓட்டும் சோதனையில் லாக்டெப்புக்குப் பங்கே இல்லை. ப்ராக் அடைவில் ‘லாக்டெப்_ஸ்டாட்ஸ்’ கோப்பின் ‘டீபக்_லாக்ஸ்’ வரியில் 1 இருக்கிறதா என்று சோதனைக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ளுங்கள். 0 என்றால் அந்தச் சோதனையின் முடிவை ஏற்கக் கூடாது.

வழுநீக்கத் தகவலைச் சேர்த்தால் கெர்னல் மெதுவாகும் என்று அஞ்சி அதைத் தவிர்ப்பவர்களும் உள்ளனர். அது கோப்புகளின் அளவையும் தொகுக்கும் நேரத்தையும் கூட்டுமே தவிர, ஓடும் வேகத்தைத் தொடுவதில்லை. நிரற்கூறுகள் பெருத்துப் பூட் பகிர்வு நிறைந்துவிடுகிறது என்றால், நிறுவும்போது ‘இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1’ கொடுத்தால் போதும். அதே வேளையில், தொகுத்த விஎம்லினக்ஸ் கோப்பை, அதாவது குறியீட்டுத் தகவலோடு கூடிய கெர்னல் கோப்பை, அழித்துவிடக் கூடாது. வீழ்ச்சி அறிக்கையில் செயற்கூறின் பெயரும், அதன் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் வழு நேர்ந்தது என்ற எண்ணும் மட்டுமே இருக்கும். அதை மூலநிரலின் வரி எண்ணாக மாற்ற, அதே தொகுப்பில் உருவான விஎம்லினக்ஸ் வேண்டும். அமைவை ஓரிடத்தில் மாற்றித் திரும்பத் தொகுத்தாலே அந்தப் பைட் தொலைவு மாறிவிடக்கூடும். ஜிடிபியைக் க்யூஎமு என்ற மெய்நிகர் கணினியுடன் இணைத்து நிறுத்தப்புள்ளி வைப்பவர்கள், துவக்க வரியில் கெர்னலின் முகவரியைக் குலுக்கிப் போடுவதை நிறுத்தும் ‘நோகேஏஎஸ்எல்ஆர்’ சேர்க்க வேண்டும். இல்லையேல் கெர்னல் ஏற்றப்பட்ட முகவரி கோப்பிலுள்ள முகவரியோடு பொருந்தாமல், நிறுத்தப்புள்ளி எட்டப்படவே மாட்டாது.

கடைசியாக, அறிக்கை தங்கும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கெர்னல் செய்திகள் தங்கும் தாங்ககத்தின் அளவுத் தேர்வில் 17 என்பது 2இன் 17ஆம் அடுக்கை, அதாவது 128 கிலோபைட்டையே குறிக்கிறது. நீண்ட அறிக்கைகள் அடுத்தடுத்து வந்தால், மிக முக்கியமான முதல் அறிக்கையே முதலில் அழியும். கெர்னல் முழுவதுமாக நின்றுவிடும் வழுவென்றால், அந்நேர நினைவகத்தை இன்னொரு கெர்னல் மூலம் பதிந்துவைக்கும் கேடம்ப் தேவை. அதற்கான தேர்வுகளைத் தொகுப்பில் சேர்த்தாலும், துவக்க வரியில் ‘கிராஷ்கெர்னல்’ அளவுருவால் நினைவகம் ஒதுக்காவிட்டால், இரண்டாவது கெர்னலை ஏற்றி வைக்க இடமே இருக்காது. வழு வரும்வரை காத்திராமல், சோதனைக் கணினியில் கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் ‘சிஸ்ஆர்க்யூ’ வழியாக வேண்டுமென்றே ஒருமுறை கெர்னலை வீழ்த்தி, நினைவகப் பதிவு உண்மையில் வட்டில் எழுதப்படுகிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.