வெளிநாட்டு பைக் பார்ட்ஸ்: விலையோடு முடியாது
பழைய பைக்குக்கு வெளிநாட்டிலிருந்து கார்புரேட்டர் கிட் வரவழைக்கிறீர்களா? திரையில் தெரியும் விலையை மட்டும் வைத்து பட்ஜெட் போடாதீர்கள். இந்தியச் சுங்கத்தில் பொருள் விலையோடு ஷிப்பிங், இன்ஷூரன்ஸ் இரண்டையும் சேர்த்துத்தான் மதிப்பு போடுவார்கள். கிட் 10,000 ரூபாய், ஷிப்பிங் 2,000 என்றால் கணக்கே 12,000-க்கு மேல்தான் தொடங்கும். அதன்மேல் சுங்க வரி. அந்த வரியையும் கூட்டிய தொகைக்கு ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. வரிக்கே வரி விழும் இந்த இடத்தில்தான் பலருக்கும் கை சுடுகிறது.

உங்களுக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு கூரியர்காரர்கள் தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு. ஆர்டருக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். விற்பவரிடம் விலையைக் குறைத்து எழுதித் தரச் சொல்லவே வேண்டாம், பார்சல் சுங்கத்திலேயே மாட்டிக்கொள்ளும். இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, கேஒய்சிக்கு ஆதார் மூன்றையும் போனில் தயாராக வைத்திருங்கள்.