ஆஸ்பத்திரிக்கு ஓடும் குடும்பத்துக்கு உதவப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மாரடைப்பு, பக்கவாதம், விபத்து என்று ஒருவர் திடீரென விழுந்துவிட்டால் அவரைப் பார்த்துக்கொள்ள மருத்துவர்கள் இருக்கிறார்கள். கூட ஓடிவந்த வீட்டாரைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அதற்காகத்தான் உறவும் நட்பும் திரண்டு வருகிறது, ஆனால் நல்ல மனசோடு வருபவர்களே சுமையாகிவிடுவதும் உண்டு. ஏற்கெனவே திணறுகிற ஒருவர் தலையில் இன்னொரு கேள்வியையும், இன்னொரு முடிவையும், இன்னொரு போன் அழைப்பையும் ஏற்றிவிடுகிறோம்.

ஆம்புலன்ஸ் வரும் முன்பே இது தொடங்கிவிடுகிறது. மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்தில் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கும், பக்கவாதத்தில் விழுங்கும் திறன் குறைந்தவருக்கும் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். வாய் கோணிப் பேச்சு குழறும்போது யாராவது ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னாலும் தடுத்துவிடுங்கள். மூளையில் இருப்பது அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். கசிவாக இருந்தால் அந்த மாத்திரை நிலைமையை மோசமாக்கிவிடும்.

அப்புறம், நேரம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது ஆரம்பித்தது என்று மருத்துவர் கேட்டால், பதற்றத்தில் வீட்டார் “இப்பத்தான்” என்பார்கள். அவர் கேட்பது, நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை. காலையில் எழும்போதே கை கால் வரவில்லை என்றால், இரவு படுக்கப் போன நேரத்தையும் சொல்ல வேண்டும். கூட இருப்பவர் நிதானமாக நினைவுபடுத்தி இந்த ஒன்றை எழுதிக் கொடுத்தாலே பெரிய உதவி.

பத்துப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பதில் யாருக்கும் லாபமில்லை. ஒருவர் வீட்டுக்குப் போய் நோயாளி சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் அட்டையோடு எடுத்து வரட்டும். பழைய மருத்துவக் குறிப்புகளும் வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவரா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும். மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும்கூட வரட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, திடீர்க் குழப்பநிலை வருவது சகஜம். ஆளைத் தெரியாது, குழாயைப் பிடுங்குவார், இல்லாததை இருப்பதாகச் சொல்வார். பார்க்கிற குடும்பம் ஆடிப்போய்விடும். “மூளையே போச்சு போல” என்று அங்கே யாராவது முணுமுணுப்பதைவிடக் கொடுமை வேறில்லை. பெரும்பாலோருக்கு இது சில நாட்களில் தணியும். கண்ணும் காதும் சரியாக வேலை செய்வதும், தெரிந்த குரல் பக்கத்தில் இருந்து இன்ன நாள், இன்ன நேரம் என்று சொல்வதும் தெளிவு திரும்ப உதவும்.

மாற்று ஆலோசனையைத்தான் நான் மிகவும் அஞ்சுவேன். “அங்கே ஏன் சேர்த்தீங்க, எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார்...” சொன்னவர் மறந்துவிட்டுத் தூங்கிவிடுவார், கேட்டவருக்குத் தூக்கம் போய்விடும். நிலை சீராகாத நோயாளியை இடம் மாற்றுவதிலேயே ஆபத்து இருக்கிறது. உண்மையாகவே சந்தேகம் இருந்தால், சிகிச்சை தரும் மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதுங்கள். “முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்பதும் இதே ரகம்தான். அந்தக் கேள்வியை அவர்கள் ஏற்கெனவே நூறு தடவை தங்களையே கேட்டிருப்பார்கள்.

விசாரிப்பு அழைப்புகளுக்கு ஒரே வழி, நெருங்கிய ஒருவரைத் தகவல் சொல்பவராக வைப்பது. அவர் மருத்துவரிடம் கேட்டதை அப்படியே தினம் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பினால் போதும். நோயாளியின் படத்தைக் குழுக்களில் பகிர்வதும், ரிப்போர்ட்டை யார் யாருக்கோ அனுப்பிக் கருத்துக் கேட்பதும் வேண்டவே வேண்டாம்.

“எது வேணும்னாலும் சொல்லுங்க” என்பதும் பயன்படாத வாக்குதான். என்ன வேண்டும் என்று யோசிக்கிற நிலையில் அவர்கள் இல்லை. “பிள்ளைகளை நான் ஸ்கூலில் விட்டுவிடுகிறேன்”, “இன்று இரவு நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் போய்த் தூங்குங்கள்” என்று வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சரி என்று சொல்வது சுலபம். கூட இருப்பவருக்கே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் அவருடைய மாத்திரை தவறுகிறதா என்றும் பாருங்கள். அதிர்ச்சியில் இருப்பவரை ஆம்புலன்ஸுக்குப் பின்னால் வண்டி ஓட்டிவர விடாதீர்கள்.

குழந்தைகளிடம் பொய் சொல்ல வேண்டாம். ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னாலும் வீட்டின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், தான் செய்த குறும்புதான் காரணமோ என்றுகூட நினைப்பார்கள். தாத்தாவுக்கு இதயத்தில் பிரச்சினை, மருத்துவர்கள் பார்க்கிறார்கள், உன்னால் வந்ததில்லை என்று சுருக்கமாகச் சொன்னால் போதும்.

முதல் மூன்று நாள் கூட்டம் நெரியும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு, மாத்திரை அட்டவணையும் மறுபரிசோதனையும் கட்டுப்போடுவதுமாக வேலை இரட்டிப்பாகும்போது யாரும் இருக்க மாட்டார்கள். உங்களால் ஒருமுறைதான் வர முடியும் என்றால், நான் சொல்வது, அந்தச் சமயத்தில் போங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்தவர்களுக்கு மாதங்கள் கழித்தும் பதற்றம், மனச்சோர்வு, அந்த நாளே திரும்பத் திரும்பக் கண்முன் வருவது எல்லாம் நேர்வதுண்டு. போன் அடித்தாலே நடுங்குவதும் தூக்கமின்மையும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், போகப்போகச் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லாமல், அவரையும் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.