14-ஆம் நாளை நம்பி ஏமாறாதீர்கள்

குழந்தைக்கு முயலும் தம்பதிகள் பலர் முதலில் செய்வது, மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ணி, கருமுட்டை வெளியாகும் நாள் என்று 14-ஆம் நாளைக் காலண்டரில் வட்டமிடுவது. சுழற்சி 28 நாளாக இருந்தால் அது ஏறக்குறைய சரி. 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கோ, கருமுட்டை வெளியாவது 21-ஆம் நாள் வாக்கில். 24 நாள் சுழற்சிக்காரருக்கு 10-ஆம் நாளையொட்டியே அது முடிந்திருக்கும்.

சுழற்சியின் முற்பாதியில், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தரும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன், கருமுட்டை இருக்கும் சிறு பையான முட்டைப்பையை வளர்க்கிறது. வளரும் பை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனைச் சுரக்கிறது. இதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பது ஒரே பெண்ணுக்கே மாதத்துக்கு மாதம் மாறலாம். முட்டை வெளியான பின், கருப்பையைக் கருவுக்குத் தயார்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கோலோச்சும் பிற்பாதி அவ்வளவாக மாறாது, பெரும்பாலும் 12 முதல் 14 நாள். ஆகவே கணக்கை அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். அது எப்போது வரும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும் என்கிறீர்களா? நியாயம்தான். மொபைல் செயலிகளும் பழைய தேதிகளை வைத்து ஊகிக்கத்தான் செய்கின்றன.

இதே கணக்குப் பிழை பரிசோதனையிலும் புகுந்துவிடும். முட்டை வெளியானதா என்று பார்க்கும் ரத்தச் சோதனையை ‘21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்’ என்று எழுதித் தருவது 28 நாள் சுழற்சியை மனதில் வைத்து. 35 நாள் சுழற்சி உள்ளவர் அதே நாளில் ரத்தம் கொடுத்தால் அளவு குறைவாகத்தான் வரும்; முட்டையே வெளியாகவில்லை என்று வீணாகப் பயப்படுவார். அவருக்கு அது 28-ஆம் நாள் வாக்கில் எடுக்க வேண்டிய சோதனை.

அப்புறம் இன்னொரு தவறு, ‘அந்த ஒரு நாளுக்காக’ அதுவரை உறவு கொள்ளாமல் ஒதுங்கியிருப்பது. விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டைக்கோ 12 முதல் 24 மணி நேரம்தான் ஆயுள். முட்டை வருவதற்கு முன்பே விந்தணு காத்திருப்பதுதான் நல்லது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தாலே போதும். காலை உடல் வெப்பம் ஏறியதைப் பார்த்து ‘இன்றுதான்’ என்று முடிவு செய்தால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சூடு புரோஜெஸ்டிரோன் ஏற்றியது. வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பாக, இழுத்தால் நீள்வதாக மாறுவதைக் கவனியுங்கள். ஈஸ்ட்ரோஜன் தரும் அந்த அறிகுறி முன்னதாகவே வரும்.

முட்டை வெளியாவதற்குச் சற்று முன் கூடும் எல்.எச். ஹார்மோனைச் சிறுநீரில் கண்டறியும் எல்.எச். கிட் பயன்படுத்தலாம். ஆனால் பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை ஹார்மோன் கோளாறு இருந்தால் எல்.எச். எப்போதுமே கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், முட்டை வெளிவராமலே கிட் ‘ஆம்’ என்று காட்டலாம்.

வயது 35-க்குள் என்றால் ஓராண்டும், தாண்டியிருந்தால் 6 மாதமும் முயன்றுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். தைராய்டு கோளாறும், தாய்ப்பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனின் கோளாறும் முட்டை வெளிவருவதைத் தடுக்கும். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். சில ஹார்மோன் சோதனைகளின் முடிவை அது மாற்றிக் காட்டும்.