நடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்: அடிபட்ட பூனையும் நாம் செய்யும் தவறுகளும்

எங்கள் வீட்டுச் சாம்பல் நிறக் கடுவன் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து விழுந்தான். நான் படியிறங்கி ஓடுவதற்குள் எழுந்து நடந்து, நிறுத்தியிருந்த காருக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். தூக்கிப் பார்த்தேன். மோவாயில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான். நாலு காலும் ஒழுங்காக ஊன்றின. "பூனைக்கு என்னம்மா, எங்க விழுந்தாலும் நாலு கால்லதான் நிக்கும்" என்றார் வாட்ச்மேன். நானும் நம்பினேன்.

இரவு பத்து மணிக்குக் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, முன்னங்கால் முட்டிகளை விலாவிலிருந்து விலக்கி, கழுத்தை நீட்டிக் குந்தியிருந்தான். நெஞ்சைவிட வயிறுதான் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. எண்ணினேன்: நிமிடத்துக்கு அறுபதுக்கும் மேல். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அடைத்திருந்தது. டாக்டர் ஊசி போட்டு அந்தக் காற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் தலையைச் சாய்த்துப் படுத்தான். பிழைத்துவிட்டான். ஆனால் மாலை நாலு மணிக்கு விழுந்தவனை நான் ஆறு மணி நேரம் வீட்டில் வைத்திருந்தேன்.

அன்று நான் செய்த தவறுதான் எல்லோரும் முதலில் செய்வது: காலைப் பார்த்துவிட்டு, நடக்கிறது, ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவது. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளை ஆராய்ந்து 1987-இல் ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன என்பதை எல்லோரும் சொல்வார்கள். பத்தில் ஒன்பதுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒரு காயம் இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. நாலு காலில் இறங்கினாலும், அந்த வேகத்தில் நெஞ்சும் தாடையும் தரையில் மோதும். பூனை சின்னப் பிராணி. தன்னைப் பிடித்துத் தின்னும் விலங்குகளுக்குப் பயந்தே வாழ்ந்த இனம். வலியைக் காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. மடியில் படுத்துக் குர்குர் என்றால்கூட வலியில்லை என்று அர்த்தமில்லை. கடும் வலியிலும் பூனை அப்படிச் சத்தமிடும்.

அதனால் காயத்தைப் பார்ப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள். முதலில் மூச்சு. தூங்கும்போதோ அமைதியாகப் படுத்திருக்கும்போதோ நிமிடத்துக்கு 20 முதல் 30 வரை இருக்கும். ஓய்விலேயே நாற்பதைத் தாண்டினாலும், நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். அடுத்து ஈறு. மேலுதட்டைத் தூக்கினால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் உள்ளே ரத்தம் கசியலாம், மூச்சு போதாமல் இருக்கலாம். மூன்றாவது சிறுநீர். வண்டியில் அடிபட்ட, உயரத்திலிருந்து விழுந்த பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் ஒன்றும் வராவிட்டால் காத்திருக்கவே கூடாது. வாலில் அடிபட்டாலும் இதைக் கவனியுங்கள். கதவிடுக்கில் மாட்டியோ, பைக் சக்கரம் ஏறியோ வால் துவண்டு தொங்கினால், முதுகின் அடியில் இருக்கும் நரம்பும் இழுபட்டிருக்கலாம். அந்த நரம்புதான் சிறுநீர்ப்பையையும் இயக்குகிறது. வால்தானே என்று விட்ட பூனை மூன்றாம் நாள் சிறுநீர் அடைத்து வந்து நிற்கும்.

இரண்டாவது தவறு உயிரையே எடுத்துவிடும். வலிக்குமே என்ற பாசத்தில் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் சக்தியை இழக்கும்; ஈறு பழுப்பாகும், முகமும் பாதங்களும் வீங்கும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்தானே என்றும் நினைக்காதீர்கள், அதுவும் பாராசிட்டமால்தான். தெரியாமல் கொடுத்துவிட்டால், அறிகுறி வரும்வரை பார்க்காமல் உடனே கொண்டுபோய், எவ்வளவு கொடுத்தோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். முறிமருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் பலிக்கும்.

புண்ணில் டெட்டால் ஊற்றுவதும் அப்படித்தான். தண்ணீரில் கலந்தால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகள் பொதுவாகப் பூனைக்கு நஞ்சு. தோலைச் சுடும், பூனை நக்கினால் உள்ளேயும் போகும். மஞ்சளோ காபித்தூளோ அப்பினால் புண் மூடிக்கொண்டு ஆழம் தெரியாமல் போகும். டாக்டர் முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். கொதிக்கவைத்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து புண்ணைக் கழுவினால் போதும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி வழியும். எலும்பு முறிந்திருந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் பார்க்க வேண்டாம். கட்டு நழுவி முறிவு பெரிதாகும், பூனையும் வலியில் உங்களைக் கடிக்கும்.

கடிகாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூனைச் சண்டையில் விழும் பல் ஊசி மாதிரி. மேலே ஒரு புள்ளிதான் தெரியும், அதுவும் முடிக்குள் மறைந்துவிடும். தோல் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே தங்கிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கன்னத்திலோ வால் அடியிலோ சூடாக வீங்கும், காய்ச்சல் வரும், சாப்பாட்டைத் தொடாது. கடிபட்ட அன்றே மருந்து தொடங்கினால் பெரும்பாலும் கீறிச் சீழ் எடுக்கும் நிலைக்குப் போகாது. நாய் கடித்திருந்தால் வெளியே இரண்டு துளைதான் தெரியும். நாய் கவ்வி உலுக்கியிருந்தால் உள்ளே தசை கிழிந்திருக்கும். வெறிநாய்த் தடுப்பூசி முன்பே போட்டிருந்தாலும் மறுபடி கேட்டுப் போடுங்கள். அவசரத்தில் பூனை உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நீங்களும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அடியே படாமல் அடிபட்டதுபோல வரும் ஒன்றும் உண்டு. நன்றாக இருந்த பூனை திடீரென அலறி, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு ஊரும். எங்கோ குதித்து இடுப்பு பிசகிவிட்டது என்று எண்ணெய் போட்டு நீவுவார்கள். தொட்டுப் பாருங்கள்: பின்னங்கால்கள் சில்லிட்டு, பாதம் வெளிறியோ நீலமாகவோ இருந்தால், இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டி கால்களுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கலாம். தாங்க முடியாத வலி அது. நீவாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கண்ணில் கீறல் என்றால் அன்றைக்கே போக வேண்டும். நமக்குக் கொடுத்த மிச்ச சொட்டுமருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் இன்னும் ஆழமாகும். பூக்கட்டும் நூல் வாயிலிருந்து தொங்கினால் இழுக்கக் கூடாது. மறுமுனை குடலில் இருந்தால் குடலையே அறுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஓட வேண்டுமா என்றால், இல்லை. லேசாக நொண்டினாலும் காலை ஊன்றுகிறது, சாப்பிடுகிறது, மூச்சு சீராக இருக்கிறது, மணல் தட்டுக்கு ஒழுங்காகப் போகிறது என்றால் ஒரு அறையில் அடைத்து 24 மணி நேரம் பார்க்கலாம். நகம் பிய்ந்து ரத்தம் நின்றுவிட்டதும் அப்படியே. மறுநாளும் நொண்டினாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ காட்டிவிடுங்கள். மாடியிலிருந்து விழுந்தது, வண்டியில் அடிபட்டது இரண்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்கள் முதலில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவதானாலும் முதலில் போன் செய்து, டாக்டர் இருக்கிறாரா, எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். ராத்திரி பார்க்கும் மருத்துவமனையின் எண்ணை அடிபடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். அன்று பத்து மணிக்கு மேல் நான் நாலு இடத்துக்கு அடித்த பிறகுதான் ஓர் இடத்தில் எடுத்தார்கள்.

பாலோ தண்ணீரோ புகட்டாமல் கூட்டிப்போங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம். தோளில் போட்டுக்கொண்டு பைக்கில் போகாதீர்கள். கூடை இல்லாவிட்டால், மேலே திறக்கும் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுத் துண்டு விரித்து, பூனையை நெஞ்சும் இடுப்பும் வளையாமல் இரண்டு கையாலும் ஏந்தி வையுங்கள். மூடுவதற்கு முன் அது மூச்சு விடுவதை அரை நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மேசையில் பயத்தில் மூச்சு மாறிவிடும். வழியில் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூச்சுத் திணறும் பூனைக்கு அந்த இருட்டும் அமைதியும் வேண்டும்.