பருப்பு மூட்டையிலிருந்து தொடங்குங்கள்: விநியோகச் சங்கிலியைச் சீர்செய்யும் செய்முறை

சரக்கு வாங்குவது முதல் கடைக்குப் போய்ச் சேர்வது வரையான விநியோகச் சங்கிலியைச் சீர்செய்யப் போகிறோம் என்று கிளம்பும் நிறுவனங்கள் பெரும்பாலும் முதலில் மென்பொருள் விற்பவரைத்தான் கூப்பிடுகின்றன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் திரையில் வரைபடங்கள் அழகாக இருக்கும். களஞ்சியத்தில் வேண்டிய சரக்கு இருக்காது. எந்தப் பொருள் எத்தனை நாளில் வந்து சேர்கிறது என்பதே தெரியாத இடத்தில் மென்பொருள் எதைக் கணக்கிடும்?

ஆகவே ஒரு கொப்பி, ஒரே ஒரு பொருள் போதும். இங்கே மைசூர்ப் பருப்பை எடுத்துக்கொள்கிறேன். இலங்கையில் நாம் சமைக்கும் இந்தப் பருப்பு பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. கொழும்பின் மொத்தச் சந்தையான புறக்கோட்டையில் கைமாறி, கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் லொறியில் போகிறது.

படி 1: ஏழு திகதிகளை எழுதுங்கள்

கடந்த ஒரு வருடத்துக் கோப்புகளை எடுத்து, ஒவ்வொரு சரக்குக்கும் இந்தத் திகதிகளைக் குறியுங்கள்: ஓடர் கொடுத்த நாள், வங்கியில் நாணயக் கடிதம் (ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி, LC) திறந்த நாள், கப்பல் புறப்பட்ட நாள், கொழும்புக்கு வந்த நாள், மூல ஆவணங்கள் கையில் கிடைத்த நாள், சுங்கம் விடுவித்த நாள், களஞ்சியத்தில் இறக்கிய நாள். முகாமையாளரிடம் கேட்டு எழுத வேண்டாம். அவர் "ஒரு மாதம்" என்பார். சுங்க வேலையைப் பார்க்கும் கிளியரிங் முகவரிடமும் களஞ்சியக் காப்பாளரிடமும் கேளுங்கள்.

நான்காவது திகதியையும் ஐந்தாவதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கப்பல் வந்துவிட்டது, ஆவணங்கள் வரவில்லை என்ற கதை பலமுறை தட்டுப்படும். காப்புறுதிச் சான்றிதழில் நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, எடைச் சீட்டில் மூட்டை எண்ணிக்கை வேறு, அவ்வளவுதான். வங்கி முரண்பாடு என்று குறித்துத் திருப்பிவிடும். அதுவரை கொள்கலன் துறைமுகத்தில் கிடந்து தாமதக் கட்டணம் ஏறும். இதற்கு மருந்து செலவில்லாதது. கப்பல் ஏறுமுன்பே ஆவணங்களின் நகலை அனுப்பச் சொல்லி, நாணயக் கடிதத்தோடு வரிக்கு வரி ஒப்பிட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கொழும்பு நிறுவனம் ஒன்று செய்யக்கூடிய சீர்திருத்தங்களில் இதைவிட மலிவானது எனக்குத் தெரிந்து இல்லை.

படி 2: கடை கேட்டதை அல்ல, கடையில் விற்றதைக் கேளுங்கள்

மாத இறுதியில் இலக்கை எட்டவேண்டி, இரண்டு மூட்டை கேட்ட கடையில் விற்பனைப் பிரதிநிதி ஐந்தை இறக்கிவிடுகிறார். அடுத்த மாதம் இரண்டு வாரத்துக்கு அந்தக் கடை எதுவும் எடுக்காது. தலைமை அலுவலகமோ முதலில் "தேவை கூடிவிட்டது" என்று கூடுதலாக ஓடர் போடுகிறது, பிறகு பயந்து நிறுத்துகிறது. சாப்பிடுகிறவர்கள் எப்போதும்போல் அதே அளவு பருப்பைத்தான் சாப்பிட்டிருப்பார்கள். அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கம்பிள் நிறுவனம் டயப்பர் விற்பனையில் இதையே கண்டது: குழந்தைகளின் தேவை சீராக இருக்க, மேலே போகப் போக ஓடர்கள் தாறுமாறாக ஏறி இறங்கின.

பிரதிநிதி கடைக்குப் போனதும் ராக்கையில் எத்தனை மூட்டை மிச்சம் என்று எண்ணி வட்ஸ்அப்பில் அனுப்பட்டும். போன வாரத்து மிச்சத்தோடு இறக்கியதைக் கூட்டி, இன்றைய மிச்சத்தைக் கழித்தால் உண்மையான விற்பனை கிடைக்கும்.

படி 3: எப்போது ஓடர் போடுவது?

உதாரணத்துக்கு, நாளொன்றுக்குச் சராசரியாக 40 மூட்டை போகிறது. மிகக் கூடிய நாளில் 55. சரக்கு வந்து சேரச் சராசரி 35 நாள். மிகத் தாமதமானபோது 52 நாள்.

சராசரித் தேவை: 40 × 35 = 1,400 மூட்டை.
மோசமான நிலையில் தேவை: 55 × 52 = 2,860 மூட்டை.
இரண்டுக்கும் இடையிலுள்ள 1,460 மூட்டைதான் பாதுகாப்புக் கையிருப்பு. கையிருப்பும் வழியில் வரும் சரக்கும் சேர்ந்து 2,860க்கு இறங்கும்போது அடுத்த ஓடர்.

"இவ்வளவு பணத்தை முடக்க முடியாது" என்று கணக்காளர் சொல்வார். நியாயம்தான். இங்கேதான் முதற்படியின் கொப்பி உதவும். ஆவணத் தாமதத்தை நீக்கி 52 நாளை 42 ஆக்கினால், 55 × 42 = 2,310. சராசரி 35 நாளிலேயே நின்றாலும் 550 மூட்டைக்கான பணம் கைக்கு வருகிறது; 50 கிலோ மூட்டையென்றால் 27 டன்னுக்கு மேல். சராசரியைக் குறைக்கத்தான் எல்லோரும் மல்லுக்கட்டுகிறார்கள். பணத்தைத் தின்பது அந்த மோசமான நாள்கள்.

ஏப்ரல் புத்தாண்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். லொறிச் சாரதிகளும் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரத்தில் கொள்கலன் வருவதுபோல் ஓடர் போடுகிறவரை என்ன சொல்ல!

படி 4: கைமீறியவற்றுக்கு மாற்றுவழி

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாய். மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. வங்கிகளில் டொலர் இல்லாமல் நாணயக் கடிதம் திறக்க முடியவில்லை. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக ஒரேயடியாக இறங்கியது. பழைய வரியில் இறக்கியவரின் கதி தெரிந்ததே. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. 2023 இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின.

இவற்றை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாது. முக்கியமான ஒவ்வொரு பொருளுக்கும் வேறொரு நாட்டில் இரண்டாவது வழங்குநரைத் தேடி, மாதிரி பார்த்து, சிறிய ஓடர் ஒன்றாவது கொடுத்துப் பழகி வையுங்கள். கொள்முதல் அதிகாரி மறுப்பார். விலை சற்றுக் கூடும், அவருக்குப் பாராட்டுக் கிடைப்பதோ குறைந்த விலைக்கு வாங்கியதற்காக. அவரை எதை வைத்து மதிப்பிடுகிறீர்கள் என்பதை மாற்றாமல் இந்தப் படி நடக்காது.

படி 5: வாரம் அரை மணி நேரம்

கொள்முதல், களஞ்சியம், விற்பனை, கணக்கு ஆகிய நான்கு பேரும் கொப்பியை நடுவில் வைத்து உட்காரட்டும். களஞ்சியக் காப்பாளரை முதலில் பேசவிடுங்கள். புது மூட்டைகளை முன்னால் அடுக்கியதால் பழையவை பின்னால் கிடந்து வண்டு பிடிப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு அடுக்கிலும் இறக்கிய திகதியைச் சோக்கால் எழுதி, சுவரோரம் ஓர் ஆள் நடக்க இடம் விட்டால் அது தீரும்.

மூன்று மாதம் கொப்பி ஓடியபின் எக்செலுக்கு மாற்றலாம். மென்பொருள் அதற்கும் பிறகு. இரண்டாவது பொருளாகப் பெரிய வெங்காயத்தை எடுக்காதீர்கள். அழுகும் பொருளுக்கு மேலே சொன்ன பாதுகாப்புக் கையிருப்புக் கணக்குப் பொருந்தாது. சீனியை எடுங்கள், வரிதான் மாறும், சரக்குக் கெடாது.